‘சேஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பழகுவது எப்படி: மலையகத்தில் ஆங்கிலம் தொடங்குகிறவர்களுக்கு

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் ஹோட்டலிலோ தோட்டக் காரியாலயத்திலோ புதிதாக வேலைக்குச் சேரும் தம்பி தங்கச்சிமாருக்கு முதல் வாரத்திலேயே ‘சேஸ்’ என்ற சொல் காதில் விழும். பள்ளிக்கூடத்தில் அதற்குத் ‘துரத்து’ என்று ஒரே பொருள் எழுதிப் படித்திருப்பீர்கள். மேனேஜர் வந்து “சேஸ் த சப்ளையர்” என்பார். மரக்கறி கொண்டுவரும் ஆளைக் கம்பெடுத்து விரட்டச் சொல்கிறாரா? இல்லை. சாமான் இன்னும் வரவில்லை, போன் எடுத்துக் கேட்டுக்கொண்டே இரு என்கிறார்.

இந்தச் சொல்லுக்கு அகராதியில் நீளமான பட்டியல் இருக்கும். அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். எங்கே கேட்டாலும் இரண்டு கேள்வி போடுங்கள். முன்னால் ஓடுவது எது? பின்னால் போகிறவருக்கு அது கையில் அகப்பட வேண்டுமா, கண்ணில் படாமல் தொலைய வேண்டுமா? கீழே வரும் எல்லாமே இந்த இரண்டு கேள்வியில் அடங்கிவிடும். அடங்காத ஒன்றிரண்டைக் கடைசிப் பக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் வாய்க்குப் பழக்குங்கள்

எழுத்து: சீ, எச், ஏ, எஸ், ஈ. எழுத்து ஐந்து என்றாலும் அசை ஒன்றுதான். கடைசி ஈ ஒலிக்காது.

தமிழில் சொல்லின் தொடக்கத்தில் வரும் சகரத்தை ‘சாமி’, ‘சேலை’ என்று மெல்லத்தான் சொல்வோம். இங்கே அது உதவாது. ‘பச்சை’யின் நடுவில் வரும் ‘ச்ச’வின் அழுத்தம் முதலெழுத்திலேயே வேண்டும். அடுத்து வரும் ஏகாரம் லேசாக இகரத்தின் பக்கம் சாயும். ‘ச்சேய்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும். முடிவில் வரும் ஸ் காற்றாக வர வேண்டும், வண்டுபோல ரீங்கரிக்கக் கூடாது. ஏகாரம் குறுகினால் அது ‘செஸ்’, சதுரங்கம். ஈகாரமாகி முடிவும் ரீங்கரித்தால் ‘சீஸ்’, பாலாடைக்கட்டி. ஹோட்டல் சமையலறையில் வேலை செய்பவர்கள் இந்த இரண்டாவதில் கவனமாக இருங்கள்.

இறந்தகாலம் ‘சேஸ்ட்’. ஒழுங்கான வினைதான், முழுச் சொல்லும் மாறுகிற தொல்லை இல்லை. இதே ஒலியில் கற்புள்ள என்று பொருள்படும் இன்னொரு ஆங்கிலச் சொல்லும் உண்டு. எழுத்து வேறு, இடம் பார்த்தால் புரிந்துவிடும். அவன், அவள், அது என்று ஒருமையில் நிகழ்காலம் வந்தால் ‘சேசஸ்’ என்று இரண்டு அசை. கராஜில் சொல்கிற செசி நம்பருக்கும் இதற்கும் உறவு கிடையாது.

ஓடுகிறவரையும் துரத்துகிறவரையும் வைத்து வாக்கியம் அமைத்தல்

தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த காட்சி:

“த டொக் சேஸ்ட் த மங்கி.” நாய் குரங்கைத் துரத்தியது.

துரத்துகிறவர் முன்னால், வினை நடுவில், ஓடுகிறவர் கடைசியில். இடம் மாறினால் கதையே மாறிவிடும். தமிழில் ‘குரங்கை நாய் துரத்தியது’ என்று எப்படிப் புரட்டினாலும் ஐ உருபு காப்பாற்றிவிடும். ஆங்கிலத்துக்கு அந்த உருபு இல்லை, இடம்தான் உருபு.

நம் ஆட்கள் அடிக்கடி விடும் பிழை ஒன்று உண்டு. ‘என் பின்னால் துரத்திக்கொண்டு வந்தான்’ என்பதை அப்படியே நினைத்து “ஹீ சேஸ்ட் பிஹைண்ட் மீ” என்பார்கள். அந்த ‘பிஹைண்ட்’ வேண்டாம். பின்னால் என்பது வினைக்குள்ளேயே இருக்கிறது. “ஹீ சேஸ்ட் மீ” போதும்.

தோட்டத்துச் செய்தியில் அடிக்கடி வருவது குளவி. கொழுந்தெடுக்கும்போது கூடு கலைந்து குளவி துரத்திக் கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை நமக்கெல்லாம் தெரியும். இதை ஒரு படிவத்திலோ டொக்டரிடமோ சொல்லும்போது கொட்டுப்பட்டவர்களை முன்னால் வைப்பதுதான் பொருத்தம்: “வீ வேர் சேஸ்ட் பை வாஸ்ப்ஸ்.” குளவிகளால் துரத்தப்பட்டோம். தமிழில் இந்தப் ‘படு’ வாக்கியம் செயற்கையாக இருக்கும், நாம் அப்படிப் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் இது இயல்பு. ஆனால் கொட்டியதைத் தனியாகச் சொல்லுங்கள். துரத்தின என்றால் கொட்டின என்று அர்த்தமாகாது.

பின்னால் ஒட்டும் சின்னச் சொற்கள்

‘துரத்து’ என்ற சொல்லை வைத்துக்கொண்டே நாம் துரத்திப் பிடிக்கிறோம், துரத்தி விடுகிறோம், துரத்திக்கொண்டே இருக்கிறோம். பிடி, விடு, கொண்டிரு என்ற துணைவினைகள்தான் வித்தியாசத்தைச் சொல்கின்றன. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது வினைக்குப் பின்னால் வரும் சின்னச் சொற்கள். மலையகத்தில் நாம் ‘தொரத்து’, ‘வெரட்டு’ என்போம். யாழ்ப்பாணத்து நண்பர்கள் ‘கலை’ என்பார்கள். எந்தப் பேச்சில் நினைத்தாலும் கீழே உள்ளது பொருந்தும்.

அவே, ஒஃப், அவுட் ஒஃப்: மூன்றும் விரட்டிவிடுவதற்கு. பிடிக்கும் எண்ணம் இல்லை, போனால் சரி. “ஷீ சேஸ்ட் த கவ் அவுட் ஒஃப் த கார்டன்” என்றால் மாட்டைப் பாத்தியிலிருந்து ஓட்டிவிட்டாள். எந்த இடத்திலிருந்து என்று சொல்ல வேண்டுமானால் ‘அவுட் ஒஃப்’. சும்மா விரட்டினால் ‘அவே’.

ஆஃப்டர்: பின்னால் ஓடுவதை அழுத்திச் சொல்வது. பிடித்தாரா என்பது அதில் இல்லை. “ஐ சேஸ்ட் ஆஃப்டர் த பஸ்” என்றால் பஸ் கிடைத்ததா இல்லையா என்று கேட்டவர் அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருப்பார். காசு, பேர், பதவி என்று ஆசைப்பட்டு அலைவதற்கும் இதுவே.

டவுன்: கடைசியில் அகப்பட்டது. திருடனாக இருக்கலாம், தொலைந்த காகிதமாகவும் இருக்கலாம்.

அப்: இதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்க வேண்டும். வேலை, படிவம், கடிதம் என்று போகிறவர்களுக்கு இதுதான் அதிகம் பயன்படும். இங்கே யாரும் ஓடுவதில்லை. நடக்க வேண்டிய காரியம் ஒன்று எங்கோ மேசையில் தூங்குகிறது, அதை எழுப்பப் போகிறீர்கள். ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிப் பணமாக இருக்கலாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயருமாக இருப்பதைத் திருத்தக் கொடுத்த மனுவாகவும் இருக்கலாம். நம் மக்களுக்கு இது புதிதா என்ன? நம்மை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் தொடங்கி, அந்த உரிமையைக் கொடுத்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, பரம்பரை பரம்பரையாகக் காகிதத்துக்குப் பின்னால் அலைந்தவர்கள் நாம். அந்த அலைச்சலுக்கு அலுவலக ஆங்கிலம் வைத்திருக்கும் சொல் ‘சேஸ் அப்’.

“ஐ வில் சேஸ் அப் த இன்வொய்ஸ்.” பில்லை நான் விசாரித்துத் துரிதப்படுத்துகிறேன்.

“கேன் யூ சேஸ் ஹிம் அப்?” அவரைக் கொஞ்சம் நெருக்கிக் கேட்க முடியுமா?

இது பிரித்தானிய வழக்கு. இலங்கைக் காரியாலயங்களும் இதையே எடுத்துக்கொண்டன. அமெரிக்கக் கம்பெனிகளோடு வேலை என்றால் ‘ஃபொலோ அப்’ அதிகம் கேட்கும்.

யாரிடம் சொல்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். உடன் வேலை செய்பவரிடம் ‘நான் சேஸ் அப் பண்ணுறேன்’ என்றால் தப்பில்லை. பிரதேச செயலகத்து உத்தியோகத்தருக்கு எழுதும் கடிதத்தில் “ஐ ஆம் சேசிங் யூ” என்று போட்டால், உங்களை விடமாட்டேன் என்று மிரட்டுவதுபோல் இருக்கும். அவருக்கு இப்படி எழுதுங்கள்: “ஐ வுட் லைக் டு ஃபொலோ அப் ஒன் மை அப்ளிகேஷன்.” இன்னும் பணிவாக வேண்டுமானால், “மே ஐ நோ த ஸ்டேட்டஸ் ஒஃப் மை அப்ளிகேஷன்?” கீழே விண்ணப்ப இலக்கத்தையும் கொடுத்த திகதியையும் எழுதுங்கள். எத்தனை பணிவு காட்டினாலும் அந்த இரண்டும் இல்லாத கடிதம் திரும்பவும் தூங்கும்.

கிரிக்கெட்டில் காது கொடுங்கள்

இந்தச் சொல்லை இலவசமாகக் கற்றுத்தரும் வாத்தியார் ஆங்கில வர்ணனைதான். இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடும் அணி இலக்கை நோக்கி ஓடுவது ‘ரன் சேஸ்’. லயத்து மைதானத்தில் டென்னிஸ் பந்தில் ஆடும் பையன்கூட டொஸ் வென்றதும் “நாங்க சேசிங்” என்கிறான். சரியான பயன்பாடு. முன்னால் ஓடுவது எதிரணி எடுத்த ஓட்டம், வேண்டியது அதைப் பிடித்துத் தாண்டுவது.

1996 மார்ச் 17 அன்று லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டொஸ் வென்ற அர்ஜுன ரணதுங்க பந்துவீச முடிவு செய்தார். அதற்கு முன் நடந்த ஐந்து இறுதிப் போட்டிகளிலும் முதலில் துடுப்பெடுத்த அணியே வென்றிருந்தது. அவுஸ்திரேலியா 241, வெல்ல வேண்டியது 242. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 எடுக்க, இலங்கை மூன்று விக்கெட்டுகளை மட்டும் இழந்து 245. இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள்: “ஸ்ரீ லங்கா சேஸ்ட் டவுன் 242.” ‘சேஸ்ட் 242’ என்று மட்டும் சொன்னால் முயன்றார்கள் என்று நிற்கும். ‘டவுன்’ வந்ததும் கிண்ணம் கைக்கு வந்துவிடுகிறது.

2019 பெப்ரவரியில் டேர்பனில் நடந்த டெஸ்ட் இன்னொரு நல்ல பாடம். இலக்கு 304. ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது 226. குசல் பெரேரா கடைசி ஆளான விஷ்வ பெர்னாண்டோவை மறுமுனையில் வைத்துக்கொண்டு 153 எடுத்து முடித்தார். அந்தப் போட்டியின் கடைசி ஒரு மணி நேர வர்ணனை கிடைத்தால் சத்தமாக வைத்துக் கேளுங்கள். பெயர்ச்சொல்லாக ‘த சேஸ்’, வினையாக ‘சேசிங்’, கூடவே ‘சேஸ் டவுன்’ மூன்றும் மாறி மாறி வரும். தாளில் எழுதிக்கொண்டே கேட்டால் நல்லது.

வேட்டையும் குதிரையும்

சொல்லின் பழைய வீடு வேட்டை. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிடி என்று பொருள்படும் ‘கேட்ச்’ இதன் உடன்பிறப்பு, இரண்டும் ஒரே வேரிலிருந்து இரண்டு பாதையில் வந்தவை. இங்கிலாந்தில் வேட்டைக்கென்று ஒதுக்கிய திறந்த காட்டுநிலத்துக்கும் ‘சேஸ்’ என்றே பெயர். கேனக் சேஸ் என்று இன்றைக்கும் ஓர் இடம் இருக்கிறது. வரைபடத்தில் இப்படிப் பெயர் பார்த்தால் யார் யாரைத் துரத்தினார்கள் என்று தேட வேண்டாம்.

நம் மலைக்கும் இந்த வேட்டை வந்தது. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்க்கூட்டத்தோடு மரைகளைத் துரத்தி வேட்டையாடினார். ஹோர்ட்டன் சமவெளியிலுள்ள பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயர்தான். வெள்ளைக்காரர்கள் மரையை, குளிர்நாட்டுப் பெரிய மானின் பெயரான ‘எல்க்’ என்று தவறாக அழைத்தார்கள். நுவரெலியாப் பக்கம் எல்க் பிளேன்ஸ் என்ற ஊர்ப்பெயர் அப்படி வந்தது. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. இப்போது மரை ரோட்டோரம் நின்று உல்லாசப் பயணிகளைப் பார்க்கிறது. வழிகாட்டி வேலைக்குப் போகும் தம்பிமார் இந்தக் கதையைச் சொல்ல வேண்டி வரும். அப்போது ‘ஹன்ட்’ என்பதையும் ‘சேஸ்’ என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். தேடுவது, பதுங்குவது, சுடுவது எல்லாம் சேர்ந்த முழு வேலை ‘ஹன்ட்’. மிருகம் கண்ணில் பட்டு அது ஓட, பின்னால் ஓடும் பகுதி மட்டும் ‘சேஸ்’. காணாததைத் தேடலாம், துரத்த முடியாது.

ஏப்ரல் சீசனில் குதிரைப் பந்தயம் பார்க்கப் போனால் ‘ஸ்டீபிள்சேஸ்’ என்ற சொல் பேச்சில் வரலாம். முன்காலத்தில் ஒரு கிறிஸ்தவ தேவாலயக் கோபுரத்திலிருந்து இன்னொரு கோபுரத்தைக் குறிவைத்து, வேலி, ஓடை எல்லாம் தாண்டி ஓட்டிய பந்தயம் அது. மனிதர்கள் ஓடும் 3000 மீற்றர் போட்டிக்கும் அதே பெயர். தடை தாண்டல் 28, நீர்த்தடை 7. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு நிலானி ரத்நாயக்க ஓடியது இந்தப் போட்டியில்தான்.

இரண்டு மரபுத்தொடர்

‘வைல்ட் கூஸ் சேஸ்’: காட்டுவாத்துத் துரத்தல். இன்றைக்கு வீண் அலைச்சல் என்று பொருள். கையொப்பம் வேண்டும் என்று ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு அனுப்பி, கடைசியில் அந்தக் கையொப்பமே தேவையில்லை என்றால், அது இதுதான். முன்பு முதல் குதிரை போகிற போக்கிலெல்லாம் மற்றவை பின்தொடரும் ஒருவகைப் பந்தயத்துக்கு இந்தப் பெயர் இருந்தது.

‘கட் டு த சேஸ்’: வளவளக்காமல் விஷயத்துக்கு வா. மௌனப்படக் காலத்தில் படம் வெட்டி ஒட்டுகிறவர்கள் பேச்சில் பிறந்தது, துரத்தல் காட்சிக்கு நேராகப் போ என்று. மேலதிகாரி உங்களிடம் சொல்லலாம், நீங்கள் அவரிடம் சொல்லாதீர்கள்.

கேள்விக்குள் அடங்காதவை

கட்டட வேலைக்கு வளைகுடா போகிறவர்கள் “கட் எ சேஸ் இன் த வோல்” என்று கேட்பார்கள். வயர் அல்லது குழாய் பதிக்கச் சுவரில் நீளமாக வெட்டும் காடிக்கு அந்தப் பெயர். அது வேறு வேரிலிருந்து வந்த வேறு சொல். முந்தின மரபுத்தொடரோடு குழப்பிக்கொண்டு, விஷயத்துக்கு வரச் சொல்கிறார் என்று போர்மனிடம் பேச்சைத் தொடங்கிவிடாதீர்கள். ஹோட்டல் பாரில் ‘சேசர்’ கேட்டால், கடும் மதுவுக்குப் பின்னால் குடிக்கும் லேசான பானம்.

பக்கத்து வீட்டுச் சொல்

‘பர்ஸ்யூ’ என்பதும் துரத்தல்தான், ஆனால் கோட் போட்ட துரத்தல். பொலிஸ் அறிக்கை, வழக்கு, படிப்பு எல்லாவற்றுக்கும் அது. சுயவிவரத்தில் “ஐ விஷ் டு பர்ஸ்யூ ஹையர் ஸ்டடீஸ்” என்று எழுதுங்கள். படிப்பைச் ‘சேஸ்’ பண்ணுகிறேன் என்று எழுதினால் படிப்பு உங்களைப் பார்த்து ஓடுவதுபோல் இருக்கும். கனவை மட்டும் ‘சேஸ்’ பண்ணலாம், அது வழக்கில் இருக்கிறது. என்றாலும் விண்ணப்பத்தில் வேண்டாம், விளம்பரப் பலகை பேசுவதுபோல் ஆகிவிடும்.

சத்தமில்லாமல் பின்னால் போவது ‘ஃபொலோ’. முன்னால் போகிறவர் ஓட வேண்டியதில்லை, அவருக்குத் தெரியவும் வேண்டியதில்லை.

செய்து பாருங்கள்

கீழே உள்ளவற்றை முதலில் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிட்டு விடையைப் படியுங்கள்.

நாய்கள் காட்டுப்பன்றியை ஆறுவரைக்கும் துரத்தின. விடை: “த டொக்ஸ் சேஸ்ட் த வைல்ட் போர் டு த ரிவர்.”

அம்மா கோழியை அடுப்படியிலிருந்து விரட்டினார். “மை மதர் சேஸ்ட் த ஹென் அவுட் ஒஃப் த கிச்சன்.” ‘அவே’ போட்டாலும் பிழையில்லை, ஆனால் அடுப்படி விடுபட்டுப் போகும்.

பாக்கிச் சம்பளத்துக்காகக் கிளாக்கரை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். “ஐ ஆம் சேசிங் த கிளார்க் ஃபோர் மை ஏரியர்ஸ்.” ஆளைச் சொன்னால் எதற்காக என்பதற்கு ‘ஃபோர்’. பணத்தை மட்டும் சொன்னால் “ஐ ஆம் சேசிங் அப் மை ஏரியர்ஸ்.”

ராத்திரி நாயைத் தேடிக்கொண்டு சிறுத்தை லயத்துக்கு வந்தது. இதில் பலர் ‘சேஸ்’ போட்டுவிடுவார்கள். போடக்கூடாது. நாய் இன்னும் கண்ணில் படவில்லை, ஓடவும் தொடங்கவில்லை. “எ லெப்பர்ட் கேம் டு த லைன்ஸ் அட் நைட், லுக்கிங் ஃபோர் டொக்ஸ்.” நாய் குரைத்துக்கொண்டு கொழுந்து மலைக்குள் பாய்ந்து, சிறுத்தையும் பின்னால் பாய்ந்தால், அந்த வாக்கியத்தில் போடுங்கள்.